பள்ளித் தோட்டமா, பொதுத் தோட்டமா, கூட்டுத் தோட்டமா? பெர்மாகல்ச்சர் வழியே வளங்குன்றா வாழ்வைக் கற்பிக்க ஏற்ற வழி எது

வளங்குன்றா வாழ்வைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே, மண்ணில் கைவைத்துக் கற்பிக்க வேண்டும் என்று ஒரு பள்ளியோ ஒரு குடியிருப்புப் பகுதியோ முடிவெடுத்துவிட்டால், அடுத்து எழும் கேள்வி பெரும்பாலும் இடத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. வளாகத்தின் பின்புறம் சும்மா கிடக்கும் நிலத்தில் பள்ளியே தொடங்குவதா, குடியிருப்போர் பொது நிலத்தில் நடத்தும் தோட்டத்துக்கு மாணவர்களை அழைத்துப் போவதா, வளாகத்துக்குள் நிலத்தை ஒதுக்கிப் பள்ளியும் குடியிருப்போரும் சேர்ந்து நடத்துவதா என மூன்று வழிகள் முன்னே நிற்கின்றன. எவ்வளவு நிலம், எவ்வளவு பணம் என்ற கணக்கைப் போட்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள் என்பது என் கருத்து: நீண்ட விடுமுறையில் தோட்டத்துக்கு யார் வருவார்கள்? தோட்டத்தின் வரைபடத்தை யார் வரைவார்கள்?

ஒப்பிடுவதற்கு முன் எதைக் கற்பிக்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 1970களில் பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரனும் உருவாக்கிய பெர்மாகல்ச்சர், பயிர் வளர்க்கும் நுட்பம் மட்டுமன்று. அது முதன்மையாக ஒரு வடிவமைப்பு முறை. மண்ணைப் பேணுதல், மனிதரைப் பேணுதல், மிகுதியைப் பகிர்தல் என்ற மூன்று அறங்களை அடித்தளமாகக் கொண்டு, மழைநீர் எங்கே ஓடுகிறது, வெயில் எங்கே விழுகிறது, ஒன்றின் கழிவு எதற்கு உணவாகலாம் என்று பார்த்துப் பார்த்து இடத்தை அமைப்பது அதன் வழி. ஹோம்கிரன் 2002இல் வகுத்த பன்னிரண்டு கொள்கைகளில் முதலாவது, கூர்ந்து கவனித்து அதற்கேற்ப இடைவினையாற்றுவது. ஆகவே நான்கு பாத்திகளில் காய்கறி நட்டு, பலகையில் பள்ளியின் பெயரை எழுதி வைத்தால் அது நல்ல காய்கறித் தோட்டமாகலாம், பெர்மாகல்ச்சர் தோட்டம் ஆகிவிடாது. மூன்று வழிகளையும் எடைபோட எனக்குப் பொருத்தமாகப் படும் அளவுகோல் இதுதான்: கற்பவர்கள் விதையிலிருந்து, கழிவு மக்கி உரமாகும் மட்குவரை ஒரு முழுச் சுழற்சியைத் தம் கண்ணால் பார்க்கிறார்களா, இடையில் வரும் முடிவுகளில் சிலவற்றையேனும் தாமே எடுக்கிறார்களா?

பள்ளி வளாகத் தோட்டத்தின் பெரும்பலம் அருகாமை. பெர்மாகல்ச்சரில் இடத்தைச் சுழியம் முதல் ஐந்துவரை வட்டாரங்களாகப் பிரிப்பார்கள். வீடு சுழியம், நாள்தோறும் கவனிக்க வேண்டியவை முதல் வட்டாரத்தில், எப்போதாவது போய்ப் பார்த்தால் போதுமானவை தொலைவில், மனிதர் கைவைக்காத காட்டுப்பகுதி ஐந்தில். இதே தர்க்கத்தைக் கல்விக்கும் பொருத்திப் பார்க்கலாம். வகுப்பறையிலிருந்து இரண்டு நிமிட நடையில் இருக்கும் பாத்திக்கு வாரம் மூன்று முறை போகலாம். ஒரு பாடவேளைக்குள் போய், பார்த்து, குறிப்பெழுதித் திரும்பலாம். அடிக்கடி பார்ப்பவருக்குத்தான் மாற்றம் தெரியும்.

அப்படி அடிக்கடி பார்ப்பதில் என்ன கிடைக்கும் என்பதற்கு மட்குக் குவியலே நல்ல சான்று. காய்ந்த இலையும் சருகும் கரிமத்தைத் தருகின்றன. காய்கறிக் கழிவும் பச்சைப் புல்லும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தருகின்றன. இரண்டும் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்ற கரிம, தழைச்சத்து விகிதத்தில் கலந்து, ஒரு கன மீட்டர் அளவுக்குக் குவிக்கப்பட்டு, பிழிந்த பஞ்சின் ஈரத்தில் இருந்தால், சில நாட்களில் குவியலின் நடுவே வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். நீண்ட தண்டுள்ள வெப்பமானியைச் செருகி நாள்தோறும் அளந்து, வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வரும் மாணவர், கோடு ஏறுவதையும், சில நாட்களில் இறங்கத் தொடங்குவதையும், குவியலைக் கிளறிவிட்ட மறுநாள் மீண்டும் ஏறுவதையும் பார்ப்பார். காற்று உள்ளே போனதும் நுண்ணுயிர்கள் மறுபடி வேலையைத் தொடங்கின என்பதை அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை வருபவருக்கு இந்தக் கோடு கிடைக்காது. அவருக்குக் கிடைப்பது முதலில் குப்பை, பிறகு உரம் என்ற இரண்டு காட்சிகள் மட்டுமே.

வேர் முடிச்சுகளும் இப்படித்தான். பூக்கும் பருவத்தில் ஒரு பயறுச் செடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டியெடுத்து, வேரைத் தண்ணீரில் அலசினால் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், நம் குருதியின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. சிவப்பாக இருந்தால் முடிச்சு காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. உரம் போடாமல் மண்ணை வளப்படுத்தலாம் என்ற வாக்கியத்தைப் பத்து முறை எழுதுவதைவிட இந்த ஒரு முடிச்சைப் பிளந்து பார்ப்பது மேல். ஆனால் செடி பூக்கும் அந்த வாரத்தில் வகுப்பு தோட்டத்தில் இருக்க வேண்டும். வளாகத் தோட்டத்தில் அதற்கு முன்னனுமதியும் வண்டியும் தேவையில்லை.

இத்தனை வசதி இருந்தும் பள்ளித் தோட்டங்கள் ஏன் இரண்டாம் ஆண்டிலேயே களைமண்டிப் போகின்றன? பள்ளியின் நாட்காட்டி பயிரின் நாட்காட்டிக்கு ஒத்துவருவதில்லை என்பது முதற்காரணம். கல்வியாண்டு முடிந்து கதவு பூட்டப்படும் காலம் பல இடங்களில் தண்ணீர் மிகவும் தேவைப்படும் காலமாகவே இருக்கிறது. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்து சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் தேவை என்று வைத்தால் 50 லிட்டர். 45 நாள் விடுமுறைக்கு 2250 லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியதும் ஆவியானதும் போக, ஏறத்தாழ ஆயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தொட்டியில் சேரும். அப்படியானால் எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், பாத்தியைப் பாதியாகக் குறைத்தால் என்ன, மண்ணை மூடும் சருகு, வைக்கோல் போன்ற மூடாக்கைக் கனமாகப் போட்டு நீர்த்தேவையைக் குறைக்கலாமா என்பதெல்லாம் மாணவர்கள் தாமே விவாதித்து முடிவெடுக்கக்கூடிய கணக்குகள். பெரும்பாலான பள்ளிகளில் இந்தக் கணக்கை மாணவர்களும் போடுவதில்லை, பெரியவர்களும் போடுவதில்லை. விடுமுறை முடிந்து வந்து காய்ந்த செடிகளைப் பார்த்துவிட்டுத் திட்டம் தோற்றதாக முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம், தோட்டம் ஓர் ஆசிரியரின் ஆர்வத்தை மட்டும் நம்பி நிற்பது. அவர் மாற்றலாகிப் போனால் தோட்டமும் போய்விடும். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் நடுநிலைப் பள்ளியில் சமையற்கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் முன்னெடுத்து 1995இல் தொடங்கப்பட்ட ஒரு ஏக்கர் தோட்டம் இன்றும் நடக்கிறது என்றால், தார் போட்டுக் கிடந்த இடத்தைப் பெயர்த்து மண்ணாக்கியது மட்டும் அதற்குக் காரணமன்று. தோட்டத்துக்கும் அதையொட்டிய சமையல் வகுப்பறைக்கும் தனிப் பணியாளர்கள் இருப்பதும், அவர்களைத் தாங்க ஒரு தனி அமைப்பு இருப்பதும்தான் காரணம். அந்தத் தோட்டத்தின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அதேபோல் அமைக்க முனைபவர்கள், படத்தில் தெரியாத சம்பளப் பட்டியலையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் அரசே முன்னின்று பள்ளித் தோட்டப் படை என்ற பெயரில் மாணவர்களைப் பெருமளவில் பயிரிட வைத்தது. போர் முடிந்த சிறிது காலத்திலேயே அது கலைந்துபோனது. வெளியிலிருந்து வந்த உந்துதல் நின்றால் பள்ளித் தோட்டமும் நின்றுவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

இரண்டாம் வழியான பொதுத் தோட்டத்தில் இந்த இரண்டு குறைகளும் பெரும்பாலும் இல்லை. குடியிருப்போருக்குக் கோடை விடுமுறை கிடையாது. ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் தண்ணீர் விடுவார். பல பத்தாண்டுகள் மண்ணில் உழைத்தவர்கள் அங்கே இருப்பார்கள். எந்தப் பூச்சிக்கு எப்போது கவலைப்பட வேண்டும், எப்போது சும்மா விட்டுவிடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்ததை எந்தப் பயிற்சிக் கையேடும் தர முடியாது. மூன்றாம் அறமான பகிர்தலும் இங்கேதான் உண்மையான சோதனைக்கு உள்ளாகிறது. யார் எவ்வளவு வேலை செய்தார், விளைந்ததில் யாருக்கு எவ்வளவு, வேலைக்கு வராதவருக்கும் பங்கு உண்டா என்ற கேள்விகள் பொதுத் தோட்டத்தில் வாரந்தோறும் வரும். அந்தப் பேச்சை அருகிலிருந்து கேட்கும் பதின்வயது மாணவர், வளங்களைப் பொதுவில் ஆள்வது எவ்வளவு சிக்கலானது, அதே வேளையில் எவ்வளவு சாத்தியமானது என்பதையும் சேர்த்தே கற்கிறார்.

பல்லாண்டுப் பயிர்களுக்கும் பொதுத் தோட்டமே ஏற்ற இடம். உணவு தரும் மரங்களையும் புதர்களையும் செடிகளையும் காட்டைப் போல அடுக்கடுக்காக வளர்ப்பதே உணவுக் காடு. அமெரிக்காவின் சியாட்டிலில் பீக்கன் உணவுக் காடு என்று அறியப்படும் தோட்டம், 2009இல் ஒரு பெர்மாகல்ச்சர் வடிவமைப்புப் பயிற்சியில் கலந்துகொண்டவர்கள் தம் இறுதிப் பணியாகத் தீட்டிய திட்டத்திலிருந்து பிறந்தது. நகராட்சிக்குச் சொந்தமான ஏழு ஏக்கர் நிலத்தில் அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பேசி, 2012இல்தான் நடவு தொடங்கியது. வரைபடத்துக்கும் முதற்கன்றுக்கும் இடையே கழிந்த அந்த மூன்று ஆண்டுகளைக் காலவிரயம் என்று சொல்பவர் இருக்கலாம். அந்த இடைக்காலப் பேச்சுதான் தோட்டத்தைத் தாங்கும் ஆட்களைத் திரட்டியது என்று நான் கருதுகிறேன். ஒரு கல்வியாண்டுக்குள் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டிய பள்ளிக்கு இத்தகைய பொறுமை வாய்ப்பதில்லை.

ஆனால் மாணவர் கோணத்திலிருந்து பார்த்தால் பொதுத் தோட்டத்துக்கு இரண்டு பெருங்குறைகள் உண்டு. போய்வர நேரம் பிடிக்கும் இடமாக இருந்தால் பாடம் சுற்றுலாவாகிவிடும். பெற்றோர் ஒப்புதல், துணைக்கு ஆள், வண்டி என்று ஏற்பாடு செய்து பருவத்துக்கு மூன்று முறை போவதே பெரிதாகிவிடும். அந்த மூன்று முறையும் அங்கிருப்பவர் பேசுவார், மாணவர்கள் கேட்பார்கள். வரைபடம் ஏற்கெனவே வரையப்பட்டிருக்கும். முடிவுகள் பெரியவர்களால் எடுக்கப்பட்டிருக்கும். மற்றொன்று நிலவுரிமை. நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் பாழ்மனையொன்றைத் தோட்டமாக்கியது பல பொதுத் தோட்டங்களுக்கு முன்மாதிரியானது. அதே நகரம் 1999இல் அத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, அறக்கட்டளைகள் முன்வந்து வாங்கியதால்தான் அவை தப்பின. லாஸ் ஏஞ்சலிஸில் 14 ஏக்கரில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பயிரிட்டுவந்த தென் மத்தியத் தோட்டத்துக்கு அந்த நல்வாய்ப்பு அமையவில்லை; 2006இல் அவர்கள் வெளியேற்றப்பட்டு, பயிர்கள் புல்டோசரால் அழிக்கப்பட்டன. ஒரு கல்வித் திட்டத்தைப் பொதுத் தோட்டத்தோடு பிணைக்குமுன் அந்த நிலம் யாருடையது, எத்தனை ஆண்டுக் குத்தகை, எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பது நாகரிகக் குறைவாகாது.

மூன்றாவதான கூட்டுத் தோட்டம் இரண்டின் பலத்தையும் சேர்ப்பதாகத் தோன்றும். சரியாக அமைந்தால் அப்படியே சேர்க்கவும் செய்யும். ஜிம்பாப்வேயில் 1990களில் தொடங்கி ஆப்பிரிக்காவின் கிழக்கு, தெற்கு நாடுகள் சிலவற்றுக்குப் பரவிய, ஸ்கோப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பள்ளி, கல்லூரிப் பெர்மாகல்ச்சர் திட்டம் இந்த வழியின் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மண்வெட்டியை எடுப்பதற்கு முன் மாணவர், ஆசிரியர், பெற்றோர், சுற்றுப்புறத்தார் எல்லோரும் சேர்ந்து பள்ளி நிலம் முழுவதையும் நடந்து பார்த்து, இப்போது எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்று வரைகிறார்கள். மழைநீர் அரித்த இடம், நிழலில்லாத விளையாட்டுத் திடல், கழிப்பறைக்குப் போகும் பாதை எல்லாம் அந்தப் படத்தில் வரும். தோட்டம் வளாகத்தின் ஒரு மூலையில் ஒதுங்காமல், வளாகமே பாடமாகிறது. யார் வரைந்தாரோ அவருக்கே அது சொந்தமாகத் தோன்றும். விடுமுறையில் தண்ணீர் விட வருபவரும் அவரே.

மாணவர்கள் இந்த வரைதலில் எவ்வளவு தூரம் உண்மையாகப் பங்கேற்க முடியும் என்று ஐயப்படுபவர்களுக்கு ஓர் எளிய கருவியைச் சுட்டலாம். இரண்டு நீளக் கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கழியொன்றைப் பிணைத்து, உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டால் மட்டம் பார்க்கும் கருவி தயார். இரண்டு கால்களையும் தரையில் வைத்துக் கயிறு படும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி மறுபடி குறித்தால், இரண்டு குறிகளின் நடுப்புள்ளியே சமமட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்படி காலைச் சுழற்றிச் சுழற்றி நடந்து முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனால், சரிவில் ஒரே உயரத்திலுள்ள கோடு தெரிந்துவிடும். மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் சமமட்ட வாய்க்காலை அந்தக் கோட்டில் வெட்டலாம். பதினொரு வயதினர் இதைச் செய்வார்கள். நேராகத்தான் போகும் என்று அவர்கள் நினைத்த கோடு வளைந்து வளைந்து போவதைப் பார்க்கும்போது, நிலத்துக்கு ஒரு வடிவம் உண்டு என்பது அவர்களுக்கு முதன்முறையாக உறைக்கும்.

கூட்டுத் தோட்டத்தின் சிக்கல்கள் வேறு வகையானவை. அவை சாவியில் தொடங்கும். பள்ளி நேரத்தில் வெளியார் வளாகத்துக்குள் வரலாமா, வந்தால் எந்த வாயில் வழியாக, குழந்தைகளோடு தனித்திருக்க நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளைத் தவிர்க்க முடியாது; தவிர்க்கவும் கூடாது. தெருப்பக்கம் தனி வாயிலுள்ள மூலையில் தோட்டத்தை அமைத்து, பள்ளி நேரம், குடியிருப்போர் நேரம் என்று பிரித்துக்கொள்வதும், இருவரும் சேரும் வேளையில் ஆசிரியர் உடனிருப்பதும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். நீர்க்கட்டணம் யாருடையது, விளைச்சல் எப்படிப் பிரியும், விடுமுறையில் எந்த வாரம் யார், ஒரு தரப்பு விலக நினைத்தால் எவ்வளவு நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது, நட்பு இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை. தலைமையாசிரியர் மாறினாலும் அந்தத் தாள் இருக்கும்.

எந்த வழியானாலும் மண்ணைச் சோதிக்காமல் உணவுப் பயிர் நடக் கூடாது. பழைய கட்டடங்களின் ஈய வண்ணப்பூச்சு உதிர்ந்த இடத்திலும், பரபரப்பான சாலையோரத்திலும் ஈயம் தங்கியிருக்கக்கூடும்; வாகனங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை உலகெங்கும் முற்றாக நின்றது 2021இல்தான், மண்ணில் படிந்தது அப்படியே கிடக்கும். கூடுதலாக இருந்தால் தூய மண் நிரப்பிய மேட்டுப்பாத்தியே வழி. புதுச் சாணத்தை நேரடியாக இடுவதும் ஆபத்து. மட்கவைத்துப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

பாத்தியா, உணவுக் காடா என்ற உள்கேள்வியில் நான் நீண்ட நேரம் நிற்க மாட்டேன். முள்ளங்கி ஒரு மாதத்தில் வந்துவிடும். பழமரம் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். சிறு குழந்தைகளுக்கு விரைந்து பலன் தரும் பாத்தி வேண்டும். நிழல், வேர், அடுக்கு, பறவை, பூச்சி என்ற உறவுகளைக் காட்ட மரம் வேண்டும். பாத்தியை வாசலருகிலும் மரங்களை வேலியோரத்திலும் வைத்தால் இரண்டும் அடங்கிவிடும். கொள்கலன்களில் வளர்ப்பது இடமே இல்லாதவர்களுக்கு மட்டும். மண்ணின் வாழ்க்கையை ஒரு தொட்டிக்குள் முழுதாகக் காட்ட முடியாது.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். பெர்மாகல்ச்சர் வடிவமைப்புச் சான்றிதழுக்கான வழக்கமான பயிற்சி 72 மணி நேரம் கொண்டது. எல்லா ஆசிரியர்களும் அதைப் பயில வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் ஒருவர் மட்டும் பயில்வதும் முன்னே சொன்ன ஓராள் சார்பிலேயே கொண்டுபோய் விடும். பள்ளியிலிருந்து இருவர், வெளியிலிருந்து ஒருவர் என்பது பொருத்தமான அளவு. கணக்கு, அறிவியல், மொழி ஆசிரியர்கள் தத்தம் பாடத்தின் ஒரு பகுதியையாவது தோட்டத்தில் நடத்தினால்தான் கால அட்டவணையில் தோட்டத்துக்கு நிலையான இடம் கிடைக்கும். இல்லையேல் தேர்வு நெருங்கும்போது முதலில் வெட்டுப்படும் வேளை அதுவாகவே இருக்கும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது என் தேர்வு கூட்டுத் தோட்டம்தான். ஆனால் விடுமுறைப் பொறுப்பை ஏற்க வெளியிலிருந்து குறைந்தது நான்கைந்து குடும்பங்களாவது முன்வந்து, பெயர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே. அந்தப் பெயர்கள் இல்லாத இடத்தில் கூட்டுத் தோட்டம் என்பது பெயரளவில் கூட்டாகவும் உண்மையில் ஓர் ஆசிரியரின் சுமையாகவும் முடியும். அருகிலேயே, நடந்து போகும் தொலைவில், குத்தகை உறுதியான பொதுத் தோட்டம் ஒன்று ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்தால், புதிதாக எதையும் தொடங்காமல், அங்கே ஒரு பகுதியை மாணவர்களே வடிவமைத்து, தவறினாலும் திருத்தாமல் விடும்படி கேட்டு வாங்குவது அதைவிடச் சிறந்தது. குடும்பங்களும் இல்லை, பொதுத் தோட்டமும் இல்லை என்ற நிலையில் இருக்கும் பள்ளி, முதல் ஆண்டில் நிலத்தைத் தோண்டாமல் வெயில், நிழல், காற்று, நீரோட்டம் ஆகியவற்றை மாணவர்களைக் கொண்டு குறித்து வைக்கலாம். அதோடு ஒரு மட்குக் குவியலையும், கல்வியாண்டு முடிவதற்குள் அறுவடையாகிவிடும் பயிர்கள் கொண்ட இரண்டு பாத்திகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, விடுமுறைக்குப் பாத்திகளைக் கனமான மூடாக்கால் மூடிவிட்டுப் போகலாம். மரம் நடுவதையும் வாய்க்கால் வெட்டுவதையும் விடுமுறைக்கு ஆள் கிடைக்கும் ஆண்டுக்குத் தள்ளிவைப்பதில் பாடத்துக்கு எந்தக் குறையும் வராது.